மாம்பழ வாசத்தில் ஒரு குவார்ட்டர்

ரெயில் ஓட்டுகிறவர்கள் வேலைக்கு வந்து கையெழுத்துப் போடும் அறைக்கு எங்கள் இலாகாவில் "லாபி" என்று பெயர். அங்கே மேஜை மேல் ஒரு சிறு கருவி உண்டு. என்ஜின் டிரைவர், கார்டு என்று நாம் இன்னும் அழைக்கும் லோகோ பைலட்டும் டிரெயின் மேனேஜரும் அதன் குழாயில் ஊதிய பிறகுதான் வண்டியை எடுக்கலாம். மூச்சில் மது இருந்தால் கருவி காட்டிக் கொடுத்துவிடும். அன்றைக்கு வண்டி கிடையாது. மேல் நடவடிக்கையும் உண்டு.

சில மாதங்களுக்கு முன் ஒரு விடியற்காலை. ஐந்து மணி டூட்டிக்கு வந்த நம்மவர் ஒருவர் ஊதினார். கருவி கூவியது. மனிதர் வெலவெலத்துப் போனார். இருபது வருஷ சர்வீசில் ஒரு கறுப்புப் புள்ளி வாங்காதவர் அவர்.

"சத்தியமா சொல்றேன் சார், பிராந்தி, விஸ்கி எதையும் நான் தொடலை. மச்சினன் மகனுக்கு வேலை கிடைச்சுது. அந்தச் சந்தோஷத்துல கூட்டிட்டுப் போனான். ரெண்டே ரெண்டு கிளாஸ் பீர். அதுவும் பழரசம் மாதிரி இருந்தது. பத்தரை மணிக்கெல்லாம் எழுந்து வந்துட்டேன்" என்றார்.

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். பிடிபட்டவன் எல்லாரும் சொல்கிற கதை இது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அவர் குடித்ததன் முழுப் பெயர் "ஹேஸி இம்பீரியல் இந்தியா பேல் ஏல்". ஹேஸி என்றால் கலங்கலானது. இம்பீரியல் என்பதற்கு இந்த வியாபாரத்தில் வீரியம் கூடியது என்று பொருள். பேல் ஏல் என்பது வெளிர் நிறமுள்ள ஒரு வகைப் பீர். பெங்களூரில் ஓட்டலோடு சேர்ந்த சிறு பீர் ஆலைகள் பெருகிய பிறகு இந்தச் சரக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் மட்டும் போகிற இடம் என்று நாம் நினைத்திருந்தோம். இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளும் முதல் சம்பளத்தில் அங்கே போகிறார்கள். மாமனையும் சித்தப்பனையும் கூட்டிக்கொண்டும் போகிறார்கள்.

என் அக்காள் மகன் இப்படி ஓர் ஆலையில் வேலை செய்கிறான். ஜோலார்பேட்டை பக்கத்திலிருந்து வந்தவன். தொட்டி கழுவுவது, தானிய மூட்டை தூக்குவது, குழாய்களைச் சுத்தம் செய்வது அவன் வேலை. நான் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்பதில் அவனுக்கு ஒரு பெருமை. "ஒரு நாள் வாங்க மாமா, வந்து பார்த்துட்டு எழுதுங்க" என்று நெடுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். லாபியில் நடந்தது மனதை உறுத்தியதால் என் ஓய்வு நாளில் போனேன்.

பெயரில் மட்டும் இந்தியா

முதலில் பெயரைப் பார்ப்போம். இந்தியா என்று பெயரிலேயே இருப்பதால் இது நம் ஊர்ச் சரக்கு என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படி அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட காலத்தில் கல்கத்தாவிலும் சென்னையிலும் பம்பாயிலும் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்காக லண்டனிலிருந்து கப்பலில் வந்த பீர் அது. லண்டனுக்குக் கிழக்கே போ என்ற இடத்தில் இருந்த ஹாட்சன் என்பவரின் ஆலை இந்த வியாபாரத்தில் முந்திக்கொண்டது. 1820-களில் பர்ட்டன் என்ற ஊரின் ஆலைகள் போட்டிக்கு வந்தன. ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் வரும் கப்பலில் பீர் கெடாமல் இருக்க ஹாப் என்ற கொடியின் பூவைத் தாராளமாகச் சேர்த்தார்கள். ஹாப் பூவின் கசப்புக்குக் கெடாமல் காக்கும் குணம் உண்டு. அதனால் அந்தக் காலத்து இந்தியா பேல் ஏல் நல்ல கசப்பு. அதைக் குடித்தவர்கள் துரைமார்கள். வெள்ளைச் சிப்பாய்களுக்குக் கூடப் பெரும்பாலும் போர்ட்டர் என்ற கறுப்புப் பீர்தான். பீப்பாயை இறக்கிச் சுமந்த நம் கூலிகளுக்கு அதன் வாசனை மட்டுமே கிடைத்திருக்கும்.

இம்பீரியல் என்ற சொல்லும் அப்படித்தான். 18-ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து ரஷ்ய அரண்மனைக்குப் போன வீரியமான கறுப்புப் பீரோடு ஒட்டிக்கொண்ட பட்டம் அது. 1994-ல் கலிபோர்னியாவில் வின்னி சிலுர்சோ என்ற பீர் வடிப்பாளர், மால்ட்டையும் ஹாப்பையும் அளவுக்கு மேல் சேர்த்து இரட்டை ஐ.பி.ஏ. என்று ஒன்றை வடித்தார். அதையே இம்பீரியல் என்றும் சொல்லத் தொடங்கினார்கள்.

கலங்கல் வகை அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கிளம்பியது. அங்கே ஜான் கிம்மிச் என்பவர் 2004-ல் வடித்த ஹெடி டாப்பர் என்ற பீர் வடிகட்டாமல் கலங்கலாகவே வந்தது. அதன் வீரியம் 8 சதவீதம். வெகு காலம் இதை ஒரு தனி வகையாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. 2018-ல்தான் அமெரிக்க வடிப்பாளர் சங்கம் தன் பட்டியலில் கலங்கல் வகைகளைச் சேர்த்தது.

மாம்பழம் எங்கே?

ஆலைக்குள் என்னை அழைத்துப் போன பையன் முதலில் ஒரு பாலிதீன் பையைப் பிரித்துக் காட்டினான். உள்ளே மாட்டுத் தீவனக் கட்டி போல பச்சை நிறத்தில் சிறு உருளைகள். காயவைத்த ஹாப் பூவைத் தூளாக்கி அழுத்தியது. மூக்கருகே கொண்டுபோனேன். பங்கனப்பள்ளி மாம்பழமும் கொய்யாவும் ஆரஞ்சுத் தோலும் ஒரே கூடையில் இருப்பது போன்ற வாசம்.

"மாம்பழம் எப்ப போடுவீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு துண்டு கூடப் போடறதில்லை மாமா. எல்லாம் இந்தப் பூதான்" என்றான்.

இதன் சூட்சுமம் எளியது. ஹாப் பூவைக் கொதிக்கும் சாற்றில் போட்டால் கசப்பு இறங்கும். வாசனை ஆவியோடு போய்விடும். கொதி அடங்கிய பிறகும், பிறகு நொதிக்கும் தொட்டியிலும் போட்டால் கசப்பு அவ்வளவாக இறங்காது; வாசனை தங்கும். நாம் ரசத்தை இறக்கிய பிறகு கொத்தமல்லித் தழை போடுவது போலத்தான். இதற்கென்றே சிட்ரா, மொசைக் என்று பழ வாசனையுள்ள ஹாப் ரகங்களை அமெரிக்காவில் உண்டாக்கியிருக்கிறார்கள். பார்லி மால்ட்டோடு ஓட்ஸும் கோதுமையும் சேர்ப்பதால் பீர் கஞ்சி போல் வழவழப்பாகிறது. அந்தத் தானியங்களின் புரதமும் ஹாப் பூவின் துவர்ப்புச் சத்தும் பிணைந்து மிதப்பதால் கலங்கல் உண்டாகிறது. ஆகவே கலங்கலைக் கண்டு கெட்டுப்போன பீர் என்று நினைக்க வேண்டியதில்லை.

ருசி பார்க்கும் முறை

பீர் போட்டிகளில் நடுவர்கள் எப்படி ருசி பார்க்கிறார்கள் என்பதைத் தலைமை வடிப்பாளரிடம் கற்றுக்கொண்டு எனக்கும் சொல்லித் தந்தான் பையன். பல நாடுகளில் அந்தப் போட்டிகளில் 50 மார்க் தாள் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, மொத்த எண்ணத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மார்க் என்பது எனக்குப் பிடித்திருந்தது. மனிதர்களுக்கும் இப்படி மார்க் போட்டால் நல்லது.

நடுவர்கள் மடக்கென்று குடிப்பதில்லை. சோப்பு வாடை இல்லாத கண்ணாடிக் கிளாஸில் நாலு வாய் அளவு ஊற்றிக்கொள்வார்கள். பல் கூசும்படி சில்லென்று இருந்தால் நாக்கு மரத்துப்போகும். அதனால் குளிர் சற்றுத் தணிந்த பிறகுதான் தொடுவார்கள். முதலில் முகர்வது, நேரமானால் வாசம் பறந்துவிடும். பிறகு நிறமும் நுரையும். பிறகு ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்குவது. விழுங்கிய பின் தொண்டையில் என்ன மிஞ்சுகிறது என்று பொறுமையாகக் கவனிப்பது.

நான் குடிகாரன் அல்ல. வருஷத்தில் ஒரு நாள், இரண்டு நாள் தொட்டவன். ஆனாலும் அவன் கொடுத்த சிறு கிளாஸை வைத்துக்கொண்டு, வவுச்சரின் பின்பக்கம் மார்க் போட்டேன்.

தோற்றம்: அன்னாசி ஜூஸின் மஞ்சள். மறுபக்கம் விரல் தெரியவில்லை. வெள்ளை நுரை நின்று நிதானமாக அடங்கியது. காற்றுப் பட்டுக் கெட்டிருந்தால் நிறம் பழுப்பேறி மங்கிவிடுமாம். அப்படி இல்லை. 3-க்கு 3.

மணம்: மாம்பழம் முன்னால், கொய்யா பின்னால், கடைசியில் லேசான பச்சிலை வாடை. பழசான பீரில் வரும் ஈர அட்டைப்பெட்டி வாடை இல்லை. 12-க்கு 10.

சுவை: முதலில் இனிப்பு. நடுவில் பழம். கசப்பு கடைசியில்தான் எட்டிப் பார்த்தது. ஆனால் மூன்றாவது வாய்க்கு இனிப்பு திகட்டியது. 20-க்கு 15.

வாயில் உணர்வு: ஓட்ஸ் கஞ்சி போல வழவழப்பு. தொண்டையில் மட்டும் ஒரு சின்ன கரகரப்பு. ஹாப் தூள் முழுக்கப் படியாமல் போனால் அப்படி இருக்குமாம். 5-க்கு 4.

மொத்த எண்ணம்: 10-க்கு 7. ஆக 50-க்கு 39.

நான் ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், ருசி அறிவது பணக்காரர் வித்தை அல்ல என்று சொல்வதற்குத்தான். காபியில் சிக்கரி எவ்வளவு, டிகாஷன் முதலாவதா இரண்டாவதா என்று ஒரு வாயில் சொல்லிவிடுகிற நாக்கு நம்முடையது. ரேஷன் அரிசியை முகர்ந்தே பழசா புதுசா என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லிவிடுவார்கள். ஆனால் மதுக்கடை வாசலை மிதித்ததும் நம் ஆண்கள் நாக்கை வெளியே கழற்றி வைத்துவிடுகிறார்கள். "ஸ்டிராங் இருக்கா?" என்று ஒரே கேள்வி. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு. நின்று முகர்ந்து நாலு வாய் குடிக்கிறவன் எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் கவனிப்பான். மடக்கென்று விழுங்குகிறவனுக்கு அது தெரியாது.

ஒளிந்திருப்பதற்கும் மார்க்

மார்க் போட்ட பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. 8 சதவீதம் ஆல்கஹால் உள்ள சரக்கைக் குடித்திருக்கிறேன். அதன் எரிச்சலையோ நெடியையோ நான் எங்கும் குறிக்கவில்லை. விழுங்கிய பிறகு நெஞ்சில் லேசான கதகதப்பு, அவ்வளவுதான்.

"சரக்கு வாடையே தெரியலை பார்த்தீங்களா? அதுதான் மாமா எங்க மாஸ்டரோட கைவண்ணம்" என்றான் பையன்.

அவன் சொன்னது சரி. இந்த வகையில் ஆல்கஹால் உறுத்தித் தெரிந்தால் நடுவர் மார்க்கைக் குறைப்பார். எவ்வளவு நன்றாக ஒளிந்திருக்கிறதோ அவ்வளவு நல்ல பீர். வடிப்பவரின் திறமை அதில்தான். ஆனால் விடியற்காலையில் வண்டி எடுக்க வேண்டிய மனிதனுக்கு அதே திறமைதான் ஆபத்து. பட்டைச் சாராயம் தொண்டையில் இறங்கும்போதே எச்சரித்துவிடும். கசப்புப் பீர் கூட இரண்டாவது கிளாஸில் போதும் என்று சொல்லும். இது ஒன்றும் சொல்லாது. குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கிற ஜூஸ் போல இறங்கும். நடுவரின் தாளில் ஐந்து கலம் இருக்கிறது. நாளைக் காலைக்கு ஒரு கலம் இல்லை.

அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். குமாஸ்தாவுக்குத் தெரிந்தது கணக்குத்தானே. அரை லிட்டர் கிளாஸ் ஒன்றில் 8 சதவீதம் என்றால் 40 மில்லி சுத்த ஆல்கஹால். இரண்டு கிளாஸுக்கு 80 மில்லி. நம் ஊர் பிராந்தி, விஸ்கியில் வழக்கமான வீரியம் 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் உள்ளது 77 மில்லி. அதாவது, "ரெண்டே ரெண்டு கிளாஸ் பீர்" என்றவர் ஒரு குவார்ட்டருக்கு மேலேயே குடித்திருக்கிறார். அவருக்கு அது தெரியாது.

உடம்பு ஆல்கஹாலைக் கரைக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாக மணிக்கு ஏறக்குறைய 10 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். மோர் குடித்தாலும் எலுமிச்சை பிழிந்தாலும் தலைக்குக் குளித்தாலும் அந்த வேகம் கூடாது. 80 மில்லி கரைய எட்டு மணி நேரம் ஆகும். பத்தரை மணிக்கு எழுந்தவர் ஐந்து மணிக்குக் கருவியில் ஊதினால் அது கூவாமல் என்ன செய்யும்?

இது ரெயில்வேக்காரர் சங்கதி மட்டும் அல்ல. டாக்சி ஓட்டுகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், காலை ஷிப்டுக்கு ஸ்கூட்டரில் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். போலீஸ்காரரிடம் பழரச வாசத்தைச் சொல்லித் தப்ப முடியாது.

எண்ணுக்கு மொழி இல்லை

நான் போன இடத்தில் சுவரில் பெரிய பலகை ஒன்று இருந்தது. ஒவ்வொரு பீரின் பெயரும் இருந்தது. மாம்பழம், கொய்யா, பூந்தோட்டம் என்று வர்ணனை நாலு வரிக்கு இருந்தது. விலை இருந்தது, நம் வீட்டில் ஒரு நாள் அடுப்பெரியும் செலவுக்கு மேல் அது. வீரியம் எத்தனை சதவீதம் என்பது மட்டும் இல்லை. கேட்ட பிறகுதான் பையன் சொன்னான். "இதெல்லாம் யார் மாமா கேக்கறாங்க?" என்றும் சொன்னான்.

பாட்டிலில் வரும் பீரின் லேபிளில் சதவீதம் இருக்கிறது. 5-க்கு மேல் 8 வரை போனால் ஸ்டிராங் என்று நம் நாட்டு உணவு விதிகளே வகைப்படுத்துகின்றன. குழாயில் பிடித்துக் கிளாஸில் கொடுப்பதற்கு லேபிள் ஏது? ஆகவே பலகையில் விலை எழுதும் அதே அளவு எழுத்தில் சதவீதமும் எழுதப்பட வேண்டும். நேர்மையாக எழுதி வைக்கிற கடைகளும் உண்டு. எழுதாத கடைகளை எழுத வைப்பது சர்க்கார் வேலை. கன்னடத்திலா, ஆங்கிலத்திலா, தமிழிலா என்ற சண்டைக்கு இங்கே இடமில்லை. 8 என்ற எண் எல்லாருக்கும் 8 தான்.

இதைப் படிக்கும் சிலர், ருசி, மார்க் என்று எழுதிக் குடியை வளர்க்கிறாயே என்று என் மேல் கோபப்படலாம். 1937-ல் சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தது முதல், தமிழ்நாட்டில் கடை மூடுவதையும் திறப்பதையும் நம் மூன்று தலைமுறை பார்த்துவிட்டது. 1971-ல் திறந்தார்கள், 1974-ல் மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள், 2003 முதல் சர்க்காரே கடை நடத்துகிறது. குடிக்காதவர் இந்தப் பக்கம் வரவே வேண்டாம் என்பதுதான் என் எண்ணமும். அவருக்கு இழப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கல்யாணம், பிரமோஷன், பிள்ளையின் முதல் சம்பளம் என்று போகிறவர்கள் போகத்தான் போகிறார்கள். அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு போகட்டும் என்கிறேன்.

அவர்களுக்கு மூன்று வார்த்தை. கிளாஸைத் தொடுமுன் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். கேட்பது பட்டிக்காட்டுத்தனம் அல்ல. இம்பீரியல், டபுள் என்ற சொல் பெயரில் இருந்தால் சிறு கிளாஸ் கேட்டு, நாலு வாயாக ருசி பார்த்து நிறுத்துங்கள். மறுநாள் காலை டூட்டி இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

லாபியில் பிடிபட்ட அந்த நண்பரின் விசாரணை இன்னும் முடியவில்லை. போன வாரம் அவரைப் பிளாட்பாரத்தில் பார்த்தேன். கணக்கை எழுதிய வவுச்சர் தாளைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இதை அன்னிக்கு அந்தப் பலகையில எழுதி வச்சிருந்தா, ஒரு கிளாஸோட எழுந்திருப்பேன் தம்பி" என்றார். தாளை அவரே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மச்சினன் மகனிடம் காட்ட வேண்டுமாம்.